கொச்சி கண்ட யூத காந்தி

சேலம் என்ற பெயரைக் கேட்டதும் கொங்கு நாட்டாருக்கு மாம்பழமும் இரும்பாலையும் ஏற்காட்டு மலையும் நினைவுக்கு வரும். கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், யூதத் தெரு என்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் வீதிக்கு ஏ.பி. சேலம் சாலை என்று பெயர் இட்டிருப்பதைக் கேள்விப்படுவோர், நம் பக்கத்து ஊர்க்காரர் எவரோ அங்கே சென்று பெரும்பேர் பெற்றிருக்கிறார் போலும் என்று எண்ணினால் வியப்பில்லை. உண்மை அதுவன்று. ஆபிரகாம் பராக் சேலம் என்பது அவருடைய முழுப்பெயர். பிறப்பால் அவர் யூதர். தமிழ் விவிலியத்தின் முதல் நூலில் மெல்கிசேதேக்கு என்னும் அரசன் ஆண்ட சாலேம் என்ற ஊர் வருகிறதல்லவா? எருசலேமின் பழம்பெயர் அதுவே என்று அறிஞர் பலரும் கொள்வர். அந்த ஊர்ப் பெயருக்கும் இவர் பெயருக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். சமாதானம் என்ற பொருளைத் தருகின்ற வேர் அது.

பெயரில் சமாதானத்தைத் தாங்கிய இப்பெருமகனார் ஒரு போராட்டத்தினின்று மற்றொரு போராட்டத்துக்கு நடந்தே தம் வாழ்நாளைக் கழித்தார். தம் சொந்த மக்களோடு ஒரு போராட்டம். அந்நிய ஆட்சியோடு ஒரு போராட்டம். யூதருக்கென்று ஒரு தாயகம் வேண்டும் என்ற வழக்கில் மற்றொன்று. அத்தாயகத்தை முன்னிட்டு மூண்ட பகை இன்னும் அணையவில்லை. நாளேட்டைப் பிரித்தால் அச்செய்திதான். நம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், ஒரு பகற்பொழுதில் ரயிலில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் வாழ்ந்த ஒரு வக்கீலும் அவ்வழக்கில் பங்குகொண்டவர் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

கோவைக்கும் கொச்சிக்குமுள்ள உறவு ரயில் வந்தபின் ஏற்பட்டதன்று. வாளையாற்றுக்கப்பால் மலைகள் விலகி வழிவிடும் அந்தக் கணவாய் வழியேதான், சேரநாட்டு முசிறித் துறைக்கும் கொங்கு நாட்டுக் கருவூருக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வணிகச் சாத்துகள் போய்வந்தன. நொய்யற்கரைக் கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் அகழாய்வில் வெளிப்பட்டன. கோவை வட்டாரத்து மண்ணில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த முசிறி இருந்ததாகக் கருதப்படும் கொடுங்கல்லூர்ப் பகுதியில்தான் தம் முன்னோர் முதலில் வந்திறங்கினர் என்பது கேரள யூதர்களின் செவிவழி மரபு. கி.பி. 70-ல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் கடல் கடந்து வந்தோம் என்று அவர்கள் சொல்வர். இதற்கு ஆவணச் சான்று கிடையாது. ஆனால் கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்துச் செப்பேடு ஒன்று உண்டு. சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதப் பெரியவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் அளித்த சாசனம் அது. அஞ்சுவண்ணம் என்பது கடல்வணிகர் குழு ஒன்றின் பெயர். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் அப்பெயர் உண்டு. பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், பகல் விளக்கு, வரிவிலக்கு என்று மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய சிறப்புகள் ஒரு பரதேசி வணிகருக்கு வழங்கப்பட்டன. சாசனம் வட்டெழுத்தில் உள்ளது. மலையாளம் தனிமொழியாகப் பிரிந்து நில்லாத காலத்து மொழி அது. நம் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் வட்டெழுத்துப் பயின்றால், எபிரேய மொழி தெரியாமலேயே யூதர்களின் முதற்சாசனத்தைப் பெரும்பாலும் படித்துவிடலாம்.

பின்னர் கொடுங்கல்லூர் தளர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் யூதர் பலர் கொச்சிக்குப் பெயர்ந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் தந்தார். 1568-ல் அங்கே எழுந்தது பரதேசி ஜெபாலயம். ஒரே சுவரின் இப்புறம் அரண்மனைக் கோயில், அப்புறம் யூதர் ஜெபாலயம் என்னும்படி இரண்டும் அருகருகே நிற்கின்றன. தளத்தில் பதித்த நீலமும் வெண்மையுமான சீனத்து ஓடுகளைக் காண்பதற்கென்றே இன்று உலகெங்குமிருந்து வருகிறார்கள். ஐரோப்பாவில் யூதர்கள் நாடு நாடாக விரட்டப்பட்ட காலத்தில், இங்கே அவர்கள் பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தனர். 1662-ல் ஜெபாலயத்தைத் தாக்கியவர்கள் போர்த்துகீசியரே; நம் நாட்டார் அல்லர். இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கு நாம் இடம் கொடுத்தோம். கூடவே நம்மிடமிருந்த ஒரு நோயையும் கொடுத்தோம். அந்த நோய் சாதி.

கொச்சி யூதருக்குள் மூன்று பிரிவுகள் இருந்தன. தொன்றுதொட்டு வாழ்ந்த மலபார் யூதர் ஒரு பிரிவு. கறுப்பு யூதர் என்று பிறர் அவர்களைக் குறித்தனர். ஸ்பெயின், மேற்காசியா முதலிய இடங்களிலிருந்து பின்னாளில் வந்த பரதேசிகள் வெள்ளை யூதர் எனப்பட்டனர். மூன்றாவது பிரிவினர் மெஷுக்ராரிம். விடுதலை செய்யப்பட்டவர் என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். ஒரு காலத்தில் யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்தம் சந்ததியாரும் இப்பெயரால் சுட்டப்பட்டனர். இவர்கள் வணங்கியது அதே கடவுளை. ஓதியது அதே வேதத்தை. காத்தது அதே ஓய்வுநாளை. ஆயினும் பரதேசி ஜெபாலயத்துள் அவர்களுக்குச் சம ஆசனம் இல்லை. முன்கூடத்திலோ தரையிலோதான் அமர வேண்டும். வேதச்சுருளை வாசிக்க மேடைக்கு அழைக்கப்படும் பேறு இல்லை. மணவுறவு இல்லை. இறந்தபின்னும் புதைகுழி தனி. இதில் விந்தை என்னவென்றால், யூத சமயச் சட்டம் இதை ஆதரிக்கவில்லை. கொச்சியிலிருந்து இதுபற்றி எகிப்திலிருந்த பெரிய ரபி ஒருவருக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே விண்ணப்பம் சென்றது. முறைப்படி சமயச் சடங்கு செய்து சேர்க்கப்பட்டவர் மற்ற யூதர்க்குச் சமம் என்று அவர் தீர்ப்பு அனுப்பினார். தீர்ப்பு வந்தது, வழக்கம் மாறவில்லை. சாஸ்திரம் ஒரு பக்கமும் சம்பிரதாயம் ஒரு பக்கமும் நின்றால் எது வெல்லும் என்பது நமக்குத் தெரியாததா? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மெஷுக்ராரிம் சிலர் பொறுக்கமாட்டாமல் வெளியேறிக் கொச்சிக் கோட்டைப் பகுதியில் தனியே தொழுகை நடத்திப் பார்த்தனர். அது நிலைக்கவில்லை. திரும்பி வந்து பழைய இடத்திலேயே, அதாவது தரையிலேயே, அமர்ந்தனர்.

இப்பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் 1882-ல் பிறந்தவர் நம் சேலம். அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாயார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். பி.ஏ. பட்டம் பெறச் சென்னைக்குச் சென்றார். அங்கேயே சட்டமும் பயின்று தேறினார். அவர் பிரிவில் முதல் பட்டதாரி அவர்தாம். கொச்சி யூதர் அனைவரிலும் முதல் வழக்கறிஞரும் அவர்தாம். சென்னைக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையிலான இருப்புப்பாதை ஷொர்ணூர், போத்தனூர், ஈரோடு, சேலம் வழியாகச் செல்வது. 1902-ல் எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது. அதற்காகக் கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்பது மலையாள நாட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. அந்த வழியில் செல்லும் கொச்சி மாணவர் ஒவ்வொருவரும் கொங்கு நாட்டைக் குறுக்கே கடந்தே தீரவேண்டும். தம் பெயரையே தாங்கிய ரயில் நிலையத்தில் இறங்கித் தண்ணீர் குடித்திருப்பாரோ என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும் எர்ணாகுளத்திலிருந்த கொச்சி சமஸ்தானத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் தொழில் நடத்தினார். நீதிமன்றத்தில் நீதிபதியின் எதிரே நின்று சரிக்குச் சரி வாதாடும் ஒருவர், வார இறுதியில் தம் கடவுளின் வீட்டில் வாசற்படியோரம் உட்கார வேண்டியிருந்தது. இந்த ஒரு முரண்பாடு போதும் ஒரு மனிதரைப் போராளியாக்க.

அவர் போராட்டத்தைத் தம் சமூகத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. கொச்சி சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினராக வீற்றிருந்தார். தொழிற்சங்கங்கள் தலையெடுக்கத் தொடங்கிய அந்நாளில் தொழிலாளர் பக்கம் நின்றார். எர்ணாகுளத்தில் ஒரு சிறு மேட்டின்மீது நின்று அடிக்கடி பேசுவார். அந்த மேட்டுக்கே சேலம் குன்று என்று பெயர் ஏற்பட்டுவிட்டது. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கும் சென்றிருந்தார். ஜவஹர்லால் நேரு தலைமையில் முழு விடுதலையே நம் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றிய மாநாடு அது. கொச்சியிலிருந்து லாகூருக்குப் போவதென்றால் நாட்டின் தென்முனையிலிருந்து வடமேற்கு எல்லைவரை செல்வதாகும். யூதர் தொகை சில ஆயிரமே உள்ள ஒரு சமஸ்தானத்திலிருந்து ஒரு யூதர் அவ்வளவு தூரம் போய் அந்தத் தீர்மானத்தைக் காதாரக் கேட்டார்.

அதே 1929-ல் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு லாகூர்ப் பயணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. பரதேசி ஜெபாலயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதி எர்ணாகுளத்தில் அச்சிட்டு வெளியிட்டார். என்றுமுள்ள ஒளி என்பது அதன் தலைப்பின் பொருள். எந்தக் கட்டடத்துள் அவருக்குச் சம இடம் இல்லையோ, அதன் வரலாற்றையே அவர் அக்கறையோடு எழுதி வைத்தார். வெறுத்து ஒதுங்குவது எளிது. என் வீடு இது, எனக்கு இதில் உரிமையுண்டு என்று வாசலில் நின்றபடியே அவ்வீட்டின் பெருமையைப் பேசுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

அக்காலத்தில் அந்தக் கடற்கரை முழுவதும் இதே கேள்வி எழுந்திருந்தது. எர்ணாகுளத்துக்குத் தெற்கே அதிக தொலைவில் இல்லாத வைக்கத்தில் 1924-ல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தலைவர்கள் சிறைப்பட்டபோது ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்று அதை நடத்தி இருமுறை சிறை புகுந்த வரலாற்றை நம் வட்டாரத்து மாணவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடவுளை மறுத்த பெரியார் கோயில் தெருவுக்காகப் போராடினார். கடவுளை நம்பிய சேலம் ஜெபாலய ஆசனத்துக்காகப் போராடினார். இருவரும் கேட்டது ஒன்றுதான்.

சேலம் கையாண்ட முறை காந்தியடிகளின் முறை. சிலகாலம் ஜெபாலயத்துக்கே போகாமல் புறக்கணித்தார். தம் பிரிவினரை ஒன்று திரட்டினார். கைகலப்புக்கும் வசைக்கும் இடம் கொடாமல், தம்மைத் தாமே வருத்திக்கொண்டு எதிரியின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்புகிற சத்தியாக்கிரக வழியையே பின்பற்றினார். யூத காந்தி என்று பிற்காலத்தார் அவரை அழைத்தது இதனால்தான். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அந்நியர் அல்லர்; தெருவில் நாள்தோறும் முகத்தில் விழிக்கும் அண்டை வீட்டார். ஒரே தெருவில், எதிரெதிர் வாசல்களில் வசித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் இப்போராட்டத்தை நடத்துவது வெள்ளைக்காரனை எதிர்ப்பதைவிடக் கடினம் என்றே தோன்றுகிறது. 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டன. 1937-ல் அங்கு வந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலறிஞர் மாண்டெல்பாம் இம்மாற்றத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் மணவுறவு என்ற கடைசித் தடை அத்தனை விரைவில் விழவில்லை. சேலத்தின் புதல்வர் ஒருவர் 1950-ல் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணொருவரை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடைபெறவில்லை. பம்பாய்க்குச் சென்று நடத்தவேண்டியிருந்தது. அந்தப் புதல்வரின் பெயர் பால்பர்.

பால்பர் என்ற பெயரிலிருந்து நாம் பாலஸ்தீனத்துக்கு வந்துவிடலாம். 1917 நவம்பர் 2-ஆம் நாள் பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர் பால்பர் பிரபு வெளியிட்ட அறிக்கை, பாலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தேசியத் தாயகம் அமைவதைப் பிரிட்டன் ஆதரிக்கும் என்று அறிவித்தது. அப்போது அந்நாடு துருக்கியரின் ஆளுகையில் இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் அரபு மக்கள். ஒருவருக்குச் சொந்தமான வீட்டை, இரண்டாமவர், மூன்றாமவருக்கு வாக்களித்தது போன்றது இது. அந்த நாட்டைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய போரில் நம்மவரும் இருந்தனர். 1918 செப்டம்பர் 23-ல் ஹைபா நகரைப் பிடித்தவை ஜோத்பூர், மைசூர்க் குதிரைப்படைகள். அன்றைய மைசூர் சமஸ்தானம் கோவை மாவட்டத்தின் எல்லையை ஒட்டியது என்பதை நினைவில் கொண்டால், ஹைபா நமக்கு அவ்வளவு தூரத்து ஊரன்று.

1933-ல் சேலம் பாலஸ்தீனம் சென்றார். அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வோராண்டில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் பாலஸ்தீனத்தில் வந்திறங்கினர். நம் நிலம் கைவிட்டுப் போகிறதே என்று அஞ்சிய அரபு மக்கள் அக்டோபரில் எருசலேமிலும் யாப்பாவிலும் கிளர்ந்தெழுந்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இந்தச் சூழலில் அந்நாட்டைக் கண்டு திரும்பிய சேலம், யூதத் தாயக இயக்கத்தின் உறுதியான ஆதரவாளரானார்.

ஒரு காங்கிரஸ்வாதி எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்று கேட்கலாம். காங்கிரஸின் நிலை வேறு. பாலஸ்தீன அரபு மக்களின் போராட்டத்தை அது நம் விடுதலைப் போராட்டத்தின் உடன்பிறப்பாகவே கருதியது. காந்தியடிகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் தோள்கொடுத்த ஹெர்மன் காலன்பாக் ஒரு யூதர். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு டால்ஸ்டாய் பண்ணையைக் கொடுத்தவர். அப்பண்ணையில் தமிழரும் பலர் இருந்தனர். அந்த நண்பரே 1937-ல் இந்தியாவுக்கு வந்து தாயக இயக்கத்துக்காகப் பேசிப் பார்த்தும் காந்தியடிகள் அசையவில்லை. யூதர் படும் துன்பத்துக்கு மனம் உருகிய அவர், 1938 நவம்பரில் எழுதிய கட்டுரையில், அரபு மக்களின் விருப்பத்துக்கு மாறாக யூதரை அந்நாட்டின்மீது திணிப்பது தவறு என்றே எழுதினார். காந்தியின் போர்முறையைத் தம் ஜெபாலயத்துள் கொண்டுசென்ற சேலம், காந்தி ஏற்காத கொள்கையைத் தழுவினார். இதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. இரண்டு பெரும் பற்றுகள் ஒரு மனிதரிடம் இருந்தால் அவை முட்டத்தான் செய்யும்; முட்டாததுபோல் நடிப்பதே குறை என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தரையில் உட்காரவைக்கப்படுவதன் வேதனையை அறிந்த அவர், தம் மக்கள் குடியேறும் நாட்டில் இடமிழக்கப்போகும் மற்றொரு மக்களையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்று படிக்கும் நமக்குத் தோன்றாமலிராது.

இடையில் நம் கோவைக்குரிய செய்தி ஒன்று. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892-ல் கோவையில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான பெருமகன். தமிழிசைக்காகவும் சிலப்பதிகாரத்துக்காகவும் அவர் செய்தவை தனிக் கட்டுரைக்குரியவை. கொச்சித் துறைமுகம் பெரும் துறைமுகமாக வளர்ந்ததும், 1938-ல் அமைச்சரவையில் மக்கள் பிரதிநிதிக்கு இடம் தந்த இரட்டையாட்சி வந்ததும் அவர் காலத்தில்தான். 1939-ல் சேலம் மீண்டும் சட்டசபைக்கு வந்தபோது ஆட்சிப்பொறுப்பில் இருந்தவர் அவரே. கோவைச் செட்டியாரும் கொச்சி யூதரும் ஒரே சபையில் இருந்த ஆண்டுகள் அவை.

1947 நவம்பர் 29-ல் பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் திட்டம் ஐக்கிய நாடுகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. சொந்த நாடு பிளவுபட்ட காயம் ஆறாத இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14-ல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தன. போர் முடிந்தபோது ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீன மக்கள் வீடுவாசலிழந்து அகதிகளாயிருந்தனர். 1950 செப்டம்பரில் இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது. ஆனால் முழுமையான தூதரக உறவு ஏற்பட 1992 ஆயிற்று.

அந்நாளில் கேரளத்தில் இருந்த யூதர் சுமார் 2,500 பேர். கொச்சி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் எட்டு ஜெபாலயங்கள். கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று அவற்றின் பெயர்களே நம் காதுக்கு இனிய தமிழாய் ஒலிக்கும். யாரும் விரட்டாத மண்ணை விட்டு அவர்கள் ஏன் போனார்கள்? எருசலேம் திரும்புவோம் என்று பண்டிகைதோறும் பிரார்த்தித்து வந்த சமயப் பற்று முதற்காரணம். 1949-ல் கொச்சி சமஸ்தானம் திருவிதாங்கூருடன் இணைந்ததும், நூற்றாண்டுகளாகப் புரவலராயிருந்த மன்னரின் நிழல் அகன்றது மற்றொரு காரணம். சிறு வணிகமும் கைத்தொழிலும் நொடித்திருந்தன. போக விரும்பியோரில் பெரும்பாலோர் மலபார் யூதர்கள். சொத்துடைய வெள்ளை யூதக் குடும்பங்கள் பல அப்போது தங்கிவிட்டன. அதாவது, ஒருகாலத்தில் ஏளனத்துக்கு ஆளானவர்களே முதலில் புறப்பட்டார்கள்.

ஆனால் தாயகத்தின் கதவு உடனே திறக்கவில்லை. கொச்சி வட்டாரத்தில் யானைக்கால் நோய் மிகுதி. இவர்கள் வந்தால் நோயும் வருமோ என்று இஸ்ரேல் மருத்துவ அதிகாரிகள் தயங்கினர். புறப்பட ஆயத்தமானவர்கள் இரண்டும்கெட்ட நிலையில் காத்துக் கிடந்தனர். அவர்களுக்காகப் பேச 1953-ல் சேலம் இஸ்ரேல் சென்றார். அப்போது அவர் எழுபதை எட்டியிருந்தார். ஜெபாலயத்தின் முன்கூடத்தைத் தாண்டி உள்ளே செல்ல வாதாடியவர், முதுமையில் ஒரு நாட்டின் வாசலில் நின்று தம் மக்களை உள்ளே விடும்படி வாதாடினார். தடைகள் நீங்கின. 1955-க்குள் கொச்சி யூதரில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டனர்.

போன இடத்தில் பட்டுக்கம்பளம் விரிக்கப்படவில்லை. ஊர்ப்புறங்களிலும் எல்லையோரங்களிலும் புதுக் கூட்டுறவுக் கிராமங்களை அமைத்து அவர்களைக் குடியேற்றினர். கடையும் தையலும் மீனும் கோழியுமாகப் பிழைத்தவர்கள் கலப்பை பிடிக்கக் கற்றனர். தெற்கே நெகேவ் பாலையில் பீர்ஷெபாவுக்கு அருகில் நெவாத்திம் என்ற கிராமம் அவர்களுக்கு வாய்த்தது. முளைகள் என்பது அப்பெயரின் பொருள். 1946-ல் ஏற்படுத்திப் பின்னர் கைவிடப்பட்ட ஊர் அது. 1954-ல் கொச்சியார் அதைக் கையேற்றனர். முப்போகம் மழை கண்ட மலையாளிகள் பாலைநிலத்தில் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கும் கொச்சி முறையில் ஒரு ஜெபாலயம் எழுப்பினார்கள். பெண்கள் மலையாளத்தில் யூதப் பாடல்களைப் பாடினார்கள். எருசலேமை ஒட்டிய குன்றுப் பகுதியிலும் அவர்களுக்கு ஊர்கள் கிடைத்தன. அவற்றுள் சில 1948-ல் வெறுமையான அரபுக் கிராமங்களின் நிலத்தில் அமைந்தவை. கொச்சியிலிருந்து வந்த தையற்காரருக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, அந்த நிலத்தில் அதற்குமுன் உழுதவர் ஏதோ ஓர் அகதி முகாமில் இருந்தார்.

எல்லோரையும் அனுப்பிவைத்த சேலம் தாம் மட்டும் போகவில்லை. மட்டாஞ்சேரித் தெருவிலேயே வாழ்ந்து 1967-ல் காலமானார். ஏன் தங்கினார் என்பதற்கு ஒற்றை விடை சொல்லிவிட முடியாது. அவர் பெயரை நினைவூட்டும் குன்றும், அவர் வாதாடிய நீதிமன்றமும், அவர் போராடி வென்ற ஜெபாலயமும் இங்கே இருந்தன. லாகூரில் அவர் கேட்ட தீர்மானம் நிறைவேறிய நாடும் இதுதான். தாயகம் என்ற சொல்லை இருபொருள்பட வாழ்ந்து காட்டியவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர் விடாமல் எழுதிவந்த நாட்குறிப்புகள், கொச்சி யூதரைப் பற்றி ஆராய்வோருக்கு இன்று பெரும் புதையலாக விளங்குகின்றன.

அவர் மறைந்த மறுவருடம், 1968 டிசம்பரில், பரதேசி ஜெபாலயத்தின் 400-ஆம் ஆண்டு விழா நடைபெற்றது. பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து கலந்துகொண்டார். அஞ்சல்தலையும் வெளியிட்டனர். 1970-களுக்குப்பின் வெள்ளை யூதக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன.

நெவாத்திமுக்கு அருகில் 1980-களில் ஒரு விமானப்படைத் தளம் அமைக்கப்பட்டது. அதற்கும் நெவாத்திம் என்றே பெயர். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து காசாவில் நடந்த போரில் மாண்ட பாலஸ்தீன மக்கள் பல்லாயிரவர். 2024 ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஈரான் ஏவிய ஏவுகணைகளின் இலக்குகளில் நெவாத்திம் விமானத் தளமும் ஒன்று. கொச்சியிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள் வாழும் கிராமத்துக்குப் பக்கத்தில் அவை வந்து விழுந்தன.

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு இன்றும் கலகலப்பாகத்தான் இருக்கிறது; வாசனைத் திரவியக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் சுற்றுலாப் பயணிகளுமாய். யூதர்தாம் இல்லை, எஞ்சியவரை எண்ண ஒரு கை விரல்கள் அதிகம். யூத முறைப்படி கூட்டுப் பிரார்த்தனைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப்பேர் வேண்டும். அந்த எண்ணிக்கை உள்ளூரில் தேறாமல் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து யூதப் பயணிகள் வரும் நாட்களில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு தொழுகை நடத்துவார்கள். மற்ற நாட்களில், கட்டணம் செலுத்தி, காலணியைக் கழற்றிவிட்டு, எவரும் முன்கூடத்தைக் கடந்து உள்ளே செல்லலாம்.